சோறும் வீடும் ஊதியமாதல்: திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

அருணாசலேசுவரர் ஆலயத்தைச் சூழ்ந்த தேரடித் தெருவிலும் சன்னதித் தெருவிலும், கிரிவலப் பாதையில் செங்கம் சாலையை ஒட்டியும் உள்ள உணவு விடுதிகளில் வேலை கேட்டு வரும் ஒருவரிடம் முதலாளி சொல்லும் முதல் வாக்கியம், ‘சாப்பாடும் தங்கலும் நம்முடையது; அது போக மாதம் இவ்வளவு’ என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். சொல்பவரும் கேட்பவரும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் இவ்வாக்கியத்துக்குள் பல நூற்றாண்டு வரலாறும், இன்றளவும் முற்றாகத் தீராத ஒரு சட்டச் சிக்கலும் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியம் இன்னதென்று அரசு விதித்திருக்கையில், முதலாளி அளிக்கும் சோற்றின் மதிப்பையும் தங்குமிடத்தின் மதிப்பையும் அத்தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாமா, கழிக்கலாமெனில் அம்மதிப்பை யார் நிர்ணயிப்பது, வேண்டாமென்று மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டா என்பனவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாக்கள்.

இவ்வினாக்களுக்குத் திருவண்ணாமலை பொருத்தமான களம் என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பசித்து வந்தவர் யாராயினும் அவருக்கு அன்னமிடுதலைப் பரம தர்மமாகக் கொண்ட ஊர் இது. பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் மலையைச் சுற்றி வரும் லட்சக்கணக்கான அடியார்களுக்கு வழியெங்கும் சோறு வழங்கப்படுகிறது. அந்தச் சோற்றுக்குக் கைம்மாறு கிடையாது. உண்டவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். ஆனால் அதே ஊரில், பகலெல்லாம் உழைத்தவனுக்கு இடப்படும் சோறு அவன் உழைப்பின் விலையில் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படும்போது, அதனையும் தர்மத்தின் மொழியிலேயே பேசும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தானமும் ஊதியமும் இவ்வாறு ஒன்றோடொன்று கலந்துவிடுவதனால் நேரும் தீங்கு சிறிதன்று.

சோறும் வீடும் ஊதியமாக இருந்த காலத்தில் அவை எவ்வளவு திட்டமாக அளக்கப்பட்டன என்பதற்குச் சோழர் சாசனங்களே சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் விதிக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டுமென்று, அளவைக் கருவியின் பெயர் முதற்கொண்டு கல்லில் வெட்டப்பட்டது. இன்ன தெருவின் இன்ன சிறகில் இத்தனையாவது வீடு இன்னாருக்கு என்று ஒவ்வொருவர் பெயரும் வீடும் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, கொடுப்பவன் பின்னர் அளவைக் குறைக்கவோ வீட்டை மாற்றவோ இயலாதபடி கல்லே காவலாக நின்றதை உணர்கிறோம்.

இதனினும் நுட்பமான செய்தி, திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊடே ஓடும் சேயாறு பாலாற்றோடு கலக்குமிடமான திருமுக்கூடலில் கிடைக்கிறது. சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றையும் அதன் ஊழியர்களையும் குறிக்கிறது. அங்கே நோயாளிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி என்பது ஒரு தனிச் செலவு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்பது வேறொரு தனிச் செலவு. ஒரே ஸ்தாபனத்தின் ஒரே களஞ்சியத்திலிருந்து இரண்டும் வெளிவந்த போதிலும், உண்பிக்கும் நெல் வேறு, உழைப்புக்கு ஈடான நெல் வேறு என்ற பாகுபாடு பதினோராம் நூற்றாண்டிலேயே தெளிவாக இருந்தது. அக்காலத்துச் சமுதாயம் சமத்துவம் நிறைந்தது என்று சொல்ல நான் முற்படவில்லை. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்களின் பெயரும் வீட்டு எண்ணும் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. எழுதிவைத்த அளவு என்னும் காப்பு கோயிலைச் சார்ந்தோருக்கு இருந்தது; வயலைச் சார்ந்தோருக்கு இல்லை என்பதே உண்மை.

அந்த வயலைச் சார்ந்தோரின் நிலையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரளவு முறையாக ஆராய்ந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர். தம் மாணவர்களைக் கொண்டு திரட்டிய செய்திகளை அவர் 1918-இல் நூலாக வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கிராமங்களுள் ஒன்று, அன்று வட ஆர்க்காட்டிலும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலும் சேர்ந்த, மாமண்டூர் ஏரியை அடுத்த தூசி. மற்றொன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. இருவேல்பட்டில் அவர் கண்ட படியாள்கள், கலியாணத்துக்கென்று முதலில் வாங்கிய ஒரு சிறு கடனால் பண்ணையோடு பிணைக்கப்பட்டவர்கள். அக்கடன் அடைபடாமல் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. நிலம் கைமாறினால் ஆளும் அதனோடு கைமாறினான். படி அளந்து கொடுக்கப்பட்ட தானியம், காலையில் ஊற்றப்பட்ட கூழ், பண்ணையார் மனையில் போட்டுக்கொண்ட குடிசை ஆகியவை அனைத்தும் கூலியாகவும் இருந்தன, கருணையாகவும் பேசப்பட்டன. கூலி எங்கே முடிகிறது, கருணை எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்குத் தெரியாது. தெரியாதிருந்தமையே அவனைக் கட்டிய கயிறு என்பது என் துணிபு. கடன் அக்கயிற்றின் முடிச்சு மாத்திரமே.

இதே தமிழ் உழவர்கள் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றபோது, வழக்கமாக இருந்தது முதன்முதலாகச் சட்டமாயிற்று. தோட்டத்தில் லயம் என்னும் வரிசை வீடு இலவசம். அரிசி மாதந்தோறும் துரை வழங்குவது. அரிசியின் விலை கணக்கில் பற்று வைக்கப்படுவது. கங்காணியின் கடனைத் துண்டில் எழுதி ஆளை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. பின் வந்த 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்க வழிசெய்தது. அதன்படி 1929-இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களில், மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று கூலியைச் சொன்னதோடு நில்லாமல், புசல் ஒன்றுக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேற்படாத விலையில் அரிசி அளிக்க வேண்டுமென்பதும் சேர்க்கப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது, கூலியை விதித்தவர்கள் சோற்றின் விலையையும் உடன் விதித்தமைதான். அரிசி விலையைத் தோட்டத்துரையின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், 54 சதம் என்பது ஏட்டில் மட்டும் இருந்திருக்கும். விலையை ஏற்றுவதன் மூலமே கூலியைக் குறைத்துவிடலாம். பின்வந்த சட்டங்கள் பலவும் அடிக்கடி மறந்துபோகும் இந்த எளிய உண்மையை அன்றைய விகிதப் பட்டியல் மறக்கவில்லை.

பண்டமாகக் கூலி தரும் கொடுமையை இங்கிலாந்து 1831-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. ஆயினும் அச்சட்டத்திலும், முதலாளியின் கூரையின்கீழ்ச் சமைத்து அங்கேயே உண்ணப்படும் உணவுக்கும், அவர் வாடகைக்கு விட்ட குடியிருப்புக்கும் எழுத்துமூலம் ஒப்பந்தம் இருப்பின் கழிவு அனுமதிக்கப்பட்டது. நம் நாட்டில் விட்லி தலைமையிலான அரசாங்கத் தொழிலாளர் ஆணையத்தின் 1931-ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து வந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஊதியத்தை நாணயமாகவோ நோட்டாகவோ தர வேண்டுமென்றும், முதலாளி தந்த வீட்டுக்காகக் கழிக்கலாமென்றும், ஆனால் தொழிலாளி அவ்வசதியை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமென்றும், அவ்வசதியின் மதிப்புக்கு மேல் கழிக்கக் கூடாதென்றும் விதித்தது.

டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்தபோது 1946-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 1948 மார்ச் 15-ஆம் நாள் குறைந்தபட்ச ஊதியச் சட்டமாயிற்று. முதல் அட்டவணையிலேயே அரிசி ஆலைகள் இடம்பெற்றமை நம் மாவட்டத்துக்கு முக்கியமானது. இச்சட்டம் சோற்றையும் வீட்டையும் வெவ்வேறாக நடத்திற்று. வீட்டின் மதிப்பும், விளக்கு, தண்ணீர், மருத்துவ உதவி ஆகியவற்றின் மதிப்பும் ஊதியம் என்ற சொல்லின் வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஆகவே வீடு தந்திருக்கிறேன் என்று சொல்லிக் குறைந்தபட்சத் தொகையை எட்டியதாகக் காட்ட முதலாளிக்கு வழியில்லை. உணவுப்பொருளைப் பொறுத்தவரை விதி வேறு. குறைந்தபட்ச ஊதியம் பணமாகவே தரப்பட வேண்டும். பண்டமாகத் தரும் வழக்கம் உள்ள இடங்களில், அவசியமென்று அரசு கருதினால், அறிவிக்கை ஒன்றின் மூலம் அதனை அனுமதிக்கலாம். அவ்வாறு அனுமதித்தால் அப்பண்டத்தின் மதிப்பை அருகிலுள்ள சந்தையின் சில்லறை விலையைக் கருதியே கணக்கிட வேண்டுமென்று 1950-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. முதலாளி தாமே தீர்மானித்துக்கொள்வதற்கு எதுவும் விடப்படவில்லை என்பதே அச்சட்டத்தின் பெருமை.

எனினும் அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஊதியத்தின் வரையறையாகிய முன்வாயிலில் நுழைய மறுக்கப்பட்ட வீடு, கழிவுகள் என்னும் புழக்கடை வழியே உள்ளே வந்தது. குறைந்தபட்ச ஊதியத்தை முழுதாகக் கொடுத்தபின், அதிலிருந்து வீட்டுக்காக ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள விதிகள் இடந்தந்தன. தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதுதான் தடை. ஆலையின் மதிலுக்குள்ளே குடியிருந்துகொண்டு, ஆலையை விட்டால் வேறு கூரையில்லாத ஒருவர் தரும் சம்மதத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும் என்பதை அவ்விதிகளை வகுத்தோர் நின்று சிந்தித்ததாகத் தோன்றவில்லை.

குறைந்தபட்ச ஊதியம் என்பது எதனால் ஆனது என்ற அடிப்படை வினாவுக்கு விடை, 1957 ஜூலையில் புது தில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் கிடைத்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராக இருந்த டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரையைப் பின்பற்றி, ஓர் ஆளுக்கு 2,700 கலோரி உணவு, ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் வீதம் நால்வருக்கு 72 கெஜம் துணி, அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டம் வகுத்த குறைந்த அளவு இடத்துக்குரிய வாடகை, எரிபொருள் விளக்கு முதலிய இதர செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது என்று அம்மாநாடு வகுத்தது. இக்கணக்கின் உயிர்நாடி, ஊதியம் ஒருவனுக்காக அன்று, ஒரு குடும்பத்தின் மூன்று நுகர்வு அலகுகளுக்காக என்பதாகும்.

இவ்விடத்தில்தான் விடுதி முதலாளியின் கணக்கு நியாயத்தினின்று வழுவுகிறது. அவர் போடும் மூன்று வேளைச் சோறு, மேசை துடைக்கும் பையனுக்கோ தோசைக்கல் முன் நிற்கும் மாஸ்டருக்கோ மட்டுமே வயிறு நிரப்புகிறது; ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமத்தில் அவன் வரவை எதிர்நோக்கியிருக்கும் மனைவியும் மக்களும் அந்தச் சோற்றில் ஒரு பருக்கையும் காண்பதில்லை. மூன்று அலகுகளில் ஓர் அலகின் உணவை மட்டும் தந்துவிட்டு, அதன் பெயரால் குடும்பத்தின் உடைக்கும் வாடகைக்கும் வைத்தியத்துக்கும் உரிய பணத்தில் கைவைப்பது எந்த முறையிலும் பொருந்தாது. அச்சோறு சந்தை விலையில் மதிக்கப்பட்டாலும் இக்குறை தீராது. அது பௌர்ணமி இரவின் மிச்சச் சாம்பாராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் பெரும்பாலும் தொழிலாளியின் பக்கமே நின்றன. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணிகள் குறித்த வழக்கில், நாள் ஊதியத்திலிருந்து இடைத்தரகர்களான ஜமேதார்கள் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகப் பெற்று உழைப்பது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதியின் வாயிலாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், பெயரளவுக் கூலி என்பதைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைந்த கூலி என்று விளக்கியிருந்தது. ஆகவே சோற்றையும் குடிசையையும் கூலியில் சேர்த்துக் கணக்கிடலாமா என்ற வினா, சில ரூபாய்களைப் பற்றிய வழக்காக முடிவதில்லை. ஒரு மனிதன் சுதந்திரமானவனா கொத்தடிமையா என்பதையே சில வேளைகளில் அது தீர்மானித்துவிடும். முதலாளியின் கூட்டலை ஏற்றுக்கொண்டால் அவன் சட்டப்படி கூலி பெறுபவன். ஏற்காவிட்டால் மீட்கப்பட வேண்டியவன்.

நேரடியாகத் தானியத்தைப் பற்றியே எழுந்த வழக்கு, 1991-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான இந்திய மாங்கனீசுத் தாதுக் கம்பெனி வழக்கு. தொழிலாளர்க்குச் சலுகை விலையில் தானியம் வழங்கிவந்த அக்கம்பெனி, அச்சலுகையின் பண மதிப்பையும் ஊதியத்தில் சேர்த்துக்கொண்டால் குறைந்தபட்சத்தை எட்டிவிட்டதாக வாதிட்டது. அரசின் அறிவிக்கை இல்லாமல் அவ்வாறு சேர்க்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் 1948-இல் சொன்னதைத்தான் நீதிமன்றமும் சொன்னது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நடைமுறையின் நிலையைக் காட்டுகிறது.

இனி வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். ஆரணி வட்டாரத்து அரிசி ஆலைகளில் உழைத்த குடும்பங்கள், அவர்களுள் இருளர் பலர், முன்பணம் பெற்றுக்கொண்டு ஆலை வளாகத்துக்குள்ளேயே சிறு அறைகளில் குடியிருந்து வேலைசெய்த முறை நாடறிந்தது. தொட்டியில் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, நள்ளிரவு கடந்தோ விடியற்காலையிலோ களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். வெயில் ஏற ஏற, வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே வரிவரியாக நடந்து திருப்பிவிடுவார்கள். வானம் கறுத்தால், உண்டுகொண்டிருந்தாலும் உறங்கிக்கொண்டிருந்தாலும், பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட ஓடிவந்து நெல்லைக் குவித்து மூடுவார்கள். கூலி மூட்டைக் கணக்கில். வாரச் செலவுக்குத் தரும் தொகையும் முன்பணமும் நோட்டில் பற்று. இந்நிலையில் களத்தின் ஓரத்து அறை யாருடைய நன்மைக்காகக் கட்டப்பட்டது? எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட அவ்வறை, கொதிகலனையும் தொட்டியையும் போல ஆலையின் உபகரணங்களுள் ஒன்று. தொழிலாளியை அதன் வாடகைதாரர் என்று சொல்வது உண்மைக்கு மாறானது. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மழைக்காலம் வரும்வரை சூளையோரக் குடிசையில் தங்கும் குடும்பத்துக்கும் இதுவே பொருந்தும்.

அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாயத் தொழில் நிலைச் சட்டம், வழக்கமாக அளிக்கப்படும் உணவு உறைவிடங்களின் நியாயமான அடக்கவிலையை ஊதியத்தில் சேர்க்க இடமளித்தாலும், முதன்மையாக முதலாளியின் வசதிக்காகவே அளிக்கப்படுபவற்றை அவ்வாறு சேர்க்கக் கூடாதென்று அதன்கீழ் எழுந்த விதிகள் விலக்கிவிட்டன. இந்தப் பாகுபாடு நம் சட்டங்களில் இடம்பெறாமற்போனது ஒரு பெருங்குறை. இங்கிலாந்து 1999-இல் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொணர்ந்தபோது, நமக்கு நேர்மாறாக, உறைவிடத்துக்கு மட்டும் ஒரு வரம்புக்குட்பட்ட தொகையை ஈடுசெய்ய அனுமதித்து, உணவை முற்றிலும் விலக்கிவைத்தது.

2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டங்கள் நான்கினை ஒன்றாக்கியது. வீட்டின் மதிப்பு ஊதிய வரையறைக்கு வெளியே இருக்கும் பழைய நிலை அதிலும் தொடர்கிறது. வீட்டுக்காகக் கழிக்கும் வழியும், மொத்தக் கழிவு ஊதியத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்ற வரம்போடு தொடர்கிறது. ஆனால் புதிதாக ஒரு விளக்கம் வரையறையில் புகுந்துள்ளது: ஊதியத்துக்குப் பதிலாகப் பண்டமாகத் தரப்படுவதன் மதிப்பு, மொத்த ஊதியத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாதவரை, ஊதியத்தின் பகுதியாகவே கொள்ளப்படும். கணக்கு விளங்கும்பொருட்டு நாள் ஊதியம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 75 ரூபாய் வரை சோறு கூலியாகக் கருதப்படக்கூடும். வரம்பொன்று விதிக்கப்பட்டது நன்மையே என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பண்டக் கூலி வழக்கமாக உள்ள தொழில்தானா, அவசியம்தானா என்று அரசு ஆராய்ந்து அறிவிக்கை செய்தபின்னரே திறக்கப்பட வேண்டிய கதவு, இவ்விளக்கத்தைத் துணையாகக் கொண்டு எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாகத் திறந்துவிட்டதென்று முதலாளிகள் வாதிட இப்பொழுது இடமேற்பட்டிருக்கிறது. ஊதியம் பணமாகவோ வங்கி வழியாகவோ தரப்பட வேண்டுமென்று அதே தொகுப்பின் வேறொரு பிரிவு கூறுவதைக் கொண்டு நீதிமன்றங்கள் இக்கதவை மீண்டும் ஒருக்களிக்கலாம். அது வழக்காடி அடைய வேண்டியது, தானாகக் கிடைப்பதன்று.

மாநில விதிகளிலும் அவற்றின்கீழ் வரும் அறிவிக்கைகளிலும் மூன்று ஏற்பாடுகள் இடம்பெறுமாயின் பெருமளவு பயன் விளையும். விடுதியிலோ ஆலையிலோ உண்ணும் சோற்றை, அருகிலுள்ள சந்தை விலையில், உண்பவர் ஒருவருக்குரிய பங்கை மட்டும் கொண்டு மதிப்பிட வேண்டும். உண்ணாத வேளைக்கும் விடுப்பெடுத்த நாளுக்கும் கழிவு கூடாது. வேலையின் தேவைக்காகவே வேலையிடத்துக்குள் அமைந்த குடியிருப்புக்கு எந்தப் பெயரிலும் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. இவற்றோடு, முதலாளியிடம் மாத்திரம் இருந்துவரும் பற்று நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் படியொன்று, தமிழில், மாதந்தோறும் தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும். சோற்றுக்கென்று எவ்வளவு, அறைக்கென்று எவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்பதை அவரும் அவர் பிள்ளைகளும் படித்து, தவறிருப்பின் திருவண்ணாமலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அதையே சான்றாக எடுத்துச் செல்ல முடியும்.